புறனடைக்கு ஓர் இடம்



விதியை வகுத்தபின் விதியில் சொல்லப்படாத ஒன்று வந்து நின்றால் என் செய்வது? இலக்கணம் எழுதுவோர் யாவர்க்கும் உள்ள இடர்ப்பாடு இது. தொல்காப்பியர் அதற்கெனப் புறனடை நூற்பாக்களை வைத்தார். எச்சவியலில் திசைச்சொல்லுக்கும் வடசொல்லுக்கும் இடம் தந்தார்; வடசொல் வடவெழுத்தை நீக்கி வருக என வரம்பும் இட்டார்.

நூல்களைக் கணினியில் ஏற்றுவோர்க்கும் இன்று இதே இடர்ப்பாடு. 1998இல் வெளிவந்த எக்ஸ்எம்எல் முறை, நூலின் உறுப்புகளைப் பெயரிட்ட குறிகளுக்குள் வைக்கிறது. எவ்வுறுப்பு எவ்விடத்தில் வரலாம் என வகுப்பது ஸ்கீமா. அதுவே அவ்வாவணத்தின் இலக்கணம்.

நம் பெரியதாழைக் கரையில் அம்பாப் பாட்டொன்றைக் கேட்டுப் பதிவதாகக் கொள்வோம். 'பாடல்' என்னும் உறுப்பினுள் தலைப்பும் அடிகளுமே வரலாம் என்கிறது ஸ்கீமா. அடிகளுக்கிடையே குழுவினர் எழுப்பும் ஏலேலோவை 'எதிர்க்குரல்' எனக் குறித்தவுடன், குறிகள் முறையாகத் திறந்து மூடியிருப்பினும், ஆவணம் செல்லாது எனச் சோதனைநிரல் தள்ளிவிடும். எதிர்க்குரலை நீக்கினால் ஆவணம் செல்லும். ஆனால் பாட்டின் உயிர் போய்விடும். மாறாக, எதுவும் வரலாம் எனத் திறந்துவிட்டால், 'தலைப்பு' என்பதைத் 'தலைபு' எனத் தட்டிய பிழையும் தப்பிவிடும்.

2001ஆம் ஆண்டின் எக்ஸ்எம்எல் ஸ்கீமா இதற்கொரு புறனடை வைத்தது. 'எதுவும்' என்னும் அவ்விடத்திற்கு மூன்று நிலைகள் உண்டு. கண்டிப்பு நிலையில் புதிய உறுப்புக்கும் விதி இருந்தாக வேண்டும். நெகிழ்வு நிலையில் விதி கிடைத்தால் சோதிக்கும், இன்றேல் ஏற்கும். விடுப்பு நிலையில் சோதனையே இல்லை. அயல் பெயர்வெளியைச் சேர்ந்த உறுப்புகளே அங்கு வரலாம் என வரம்பிடவும் இயலும். அவ்வாறு செய்யின் 'தலைபு' அகப்பட்டுக்கொள்ளும். எதிர்க்குரலோ கடற்கரைப் பெயர்வெளியின் முத்திரையோடு திசைச்சொல்போல் உள்ளே வரும். 2012ஆம் ஆண்டின் 1.1 பதிப்பு, இத்தகைய உறுப்புகள் அடிகளுக்கு இடையிடையே எங்கும் வருவதை ஒரே அறிவிப்பால் ஏற்கிறது.

நமக்கு உகந்தது வரம்போடு கூடிய நெகிழ்வு என்பதே என் கருத்து. புறனடையில் நுழைந்த உறுப்பு பல பாட்டுகளிலும் வருமாயின், அடுத்த பதிப்பில் அதற்கே விதி வகுக்கலாம். இலக்கியம் கண்டு இலக்கணம் இயம்புவது நம் மரபு. ஆதலின் பாட்டைத் தொகுக்கும் அன்பர்கள் முதலில் முழுதும் கேட்டு எழுதுக. ஸ்கீமா அதன்பின் வரட்டும்.