நிலத்தில் மகளுக்கும் பங்கு உண்டு

(உழவர் கூட்டம் ஒன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நம் ஊர்களில் நாற்று நடுபவர் யார்? களை எடுப்பவர் யார்? கறவை மாட்டைப் பேணுபவர் யார்? விடை கூற ஒருவரும் தயங்கமாட்டீர்கள். ஆனால், பட்டாவில் யார் பெயர் இருக்கிறது என்று கேட்டால் சபையில் சிறிது மௌனம் நிலவும். அந்த மௌனத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நம் நாட்டுக் கிராமங்களில் உழைக்கும் பெண்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் வேளாண்மையில் ஈடுபட்டிருக்கின்றனர். ஆனால், 2015-16ஆம் ஆண்டு வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி, சாகுபடி நிலத்தைத் தம் பொறுப்பில் வைத்திருந்தோருள் பெண்கள் ஏறத்தாழ 14 விழுக்காட்டினரே. ஆண்கள் வெளியூர் வேலைக்குச் சென்றுவிட்ட குடும்பங்களில் உரம் வாங்குவதும், ஆள் அமர்த்துவதும், இரவில் தண்ணீர் பாய்ச்சுவதும் பெண்களே. வேலை மாறிவிட்டது, பொறுப்பும் மாறிவிட்டது, பட்டா மட்டும் மாறவில்லை.

இதனால் விளையும் நஷ்டம் சிறிதன்று. பயிர்க்கடன் கேட்டாலும், மானியம் கேட்டாலும், வெள்ள நிவாரணம் கேட்டாலும் அலுவலகத்தில் முதலில் பார்ப்பது நில ஆவணத்தையே. உழவர் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்க 2019இல் தொடங்கப்பட்ட மத்திய அரசுத் திட்டமும் நில ஆவணத்தையே ஆதாரமாகக் கொண்டது. கணவனை இழந்த பெண்ணின் நிலம் மாமனார் பெயரிலேயே இருந்துவிட்டால், உழுது பயிரிட்டும் அவள் உழவராகக் கருதப்படுவதில்லை.

பெண்ணின் சொத்துரிமைக்கான குரல் நம் நாட்டில் புதிதன்று. 1929ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களுக்கு ஆண்களைப் போலவே சொத்துரிமையும் வாரிசுரிமையும் வேண்டும் எனத் தீர்மானித்தது. 1937ஆம் ஆண்டுச் சட்டம் கைம்பெண்ணுக்குப் பங்கு அளித்தது. ஆயினும், அவள் தன் ஆயுட்காலம்வரை அனுபவிக்கலாமேயன்றி முழு உரிமை பெறவில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் அக்குறையை நீக்கியது. தந்தையின் தனிச் சொத்தில் மகளுக்குச் சம பங்கும் தந்தது. எனினும் பூர்விகச் சொத்தில் பிறப்புரிமை ஆண் மக்களுக்கே இருந்தது. தமிழ்நாடு அரசு கொண்டுவந்த திருத்தம், 1989 மார்ச் 25 முதல் அவ்வுரிமையை மகளுக்கும் வழங்கியது. ஆனால், அந்நாளுக்கு முன் மணமானவர்களுக்கு அது கிட்டவில்லை. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம், மணமானவர், மணமாகாதவர் என்ற வேறுபாட்டைப் போக்கியது. அந்நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவுப் பத்திரத்தாலோ நீதிமன்றத் தீர்ப்பாலோ பிரிக்கப்பட்ட பாகப்பிரிவினைகளை இத்திருத்தம் தொடுவதில்லை. கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமும், இஸ்லாமியர்களுக்கு அவர்தம் சமயச் சட்டமும் பொருந்தும்.

ஓர் உதாரணம் கூறுகிறேன். தம் உழைப்பால் நான்கு ஏக்கர் வாங்கிய இந்து உழவர் ஒருவர் உயில் எழுதாமல் காலமானார் எனக் கொள்வோம். அவருக்குத் தாயார் இல்லை. மனைவியும் ஒரு மகனும் இரு மகள்களும் உள்ளனர். ஆளுக்கு ஓர் ஏக்கர் என்பதே கணக்கு. மகனுக்கு நான்கும், மகள்களுக்கு ஆளுக்கொரு புடவையும் என்பது கணக்கன்று.

"கல்யாணத்தில் நகை போட்டோமே, சீர் செய்தோமே, அது போதாதா?" என்று கேட்பார் உண்டு. மகனின் படிப்புக்கும் தொழிலுக்கும் செலவிட்டதை அவன் பங்கில் நாம் கழிப்பதுண்டா? நகை, முதல் கஷ்டத்திலேயே அடகுக் கடைக்குப் போய்விடும். நிலமோ ஆண்டுதோறும் சோறு போடும்.

"நிலம் துண்டு துண்டாகிவிடுமே" என்பது மற்றொரு வாதம். மூன்று மகன்கள் பங்கிடும்போது எழாத இக்கவலை, மகள் கேட்கும்போது மட்டும் எழுவானேன்? பங்கு உண்டு என்பதால் வரப்பு போட்டே தீரவேண்டும் என்பதில்லை. கூட்டுப் பட்டாவில் அவள் பெயரைச் சேர்க்கலாம். சகோதரனே குத்தகை தந்து பயிரிடலாம். நியாயமான விலை கொடுத்து அவள் பங்கை வாங்கியும் கொள்ளலாம்.

"பங்கு கேட்டால் பாசம் கெடும்" என்பதே யாவற்றினும் வலிய வாதம். பொங்கல் சீர் கொண்டுவரும் அண்ணன் வராமற்போவானோ என்ற அச்சத்தாலேயே பல பெண்கள் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பமிடுகின்றனர். 'தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு' என்றனர் நம் முன்னோர். ஒருத்தி மனமுவந்து தன் பங்கை விட்டுக்கொடுத்தால் அது அவள் உரிமை. ஆனால், இன்னதென்று அறியாமலும், பிறந்த வீட்டுக் கதவு அடைபடும் என்று அஞ்சியும் இடும் கையொப்பம் விட்டுக்கொடுத்ததாகாது, பறிகொடுத்ததே ஆகும்.

ஊராட்சிப் பெருமக்கள் செய்யக்கூடியவை சில உண்டு. ஒரு குடும்பத்தில் மரணம் நேர்ந்தால், வாரிசுச் சான்றுக்கான விண்ணப்பத்தில் மகள்களின் பெயர் விடுபடாமல் பாருங்கள். பட்டா மாறுதலை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட விடாதீர்கள். பாகப்பிரிவினைப் பேச்சில் பெண்களையும் உட்காரவைத்து, பத்திரத்தை உரக்கப் படித்துப் பொருள் சொல்லச் செய்யுங்கள். தகராறு முற்றினால் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கு வழிகாட்டுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி அங்கே கிடைக்கும். புதிதாக நிலம் வாங்குவோர் மனைவி பெயரில் வாங்குவதையும் எண்ணிப் பாருங்கள். 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைப்பு என்று தமிழ்நாடு அரசு 2025இல் அறிவித்தது.

உள்ளாட்சிப் பதவிகளில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கத் தமிழ்நாடு 2016இல் சட்டம் செய்தது. ஊரை நிர்வகிக்கும் நாற்காலியில் பெண்ணை அமர்த்திவிட்டு, அவள் உழும் வயலில் அவளுக்குப் பெயரில்லை என்பது பொருந்துமா? அடுத்த கிராம சபையில் இதனைப் பேசுங்கள். அதற்கு முன், உங்கள் வீட்டுப் பட்டாவை எடுத்து அதில் யார் யார் பெயர் உள்ளது என்று பாருங்கள் எனக் கேட்டுக்கொண்டு, என் உரையை முடிக்கிறேன்.