பேச்சு இருக்கும்போதே

இன்று பட்டம் பெறும் அருமை மாணவியரே,

பெண்களின் உயர்கல்விக்கென்றே 1984-இல் தோன்றி, இக்கொடைக்கானல் மலையைத் தன் இருப்பிடமாகக் கொண்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தின் மங்கல மேடையில், உத்தியோகத்தையும் உயர்வையும் விடுத்து அந்திமக் காலத்தைப் பற்றி நான் பேச முற்படுவதற்குக் காரணம், வீட்டில் ஒருவர் நோயுற்று வீழ்ந்தால், ‘படித்த பெண், நீ சொல்லம்மா’ என்று சுற்றத்தார் அனைவரும் திரும்பிப் பார்க்கப் போவது உங்களைத்தான் என்பதே.

மன்னவனூரிலோ பூம்பாறையிலோ ஒரு முதியவருக்கு நள்ளிரவில் மூச்சுத் திணறினால், 108 வண்டி கொடைக்கானல் வந்து, மலைப்பாதையின் வளைவுகளையெல்லாம் கடந்து, வத்தலக்குண்டு வழியாக மதுரை சேர்வதற்குள் அவர் பேச்சிழந்திருப்பார். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் ஒரு படிவம் நீளும். ‘வென்டிலேட்டர் வைக்கணும், கையெழுத்துப் போடுங்க.’ பேனாவை வாங்கும் மகளுக்குத் தந்தையின் சித்தம் யாதென்று தெரியாது, ஒருநாளும் கேட்டதில்லை. குணமாகக்கூடிய நோயில் அக்கருவி உயிர்காக்கும் வரப்பிரசாதம். மீளவே வழியில்லை என்று தெளிந்த பின்னரும், நிறுத்தச் சொல்ல ஒருவருக்கும் துணிவின்றி அது ஓடிக்கொண்டிருப்பதே துயரம்.

மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியான அருணா ஷான்பாக், 1973-இல் கொடுந்தாக்குதலுக்கு ஆளாகி, 2015-இல் மறையும்வரை பேச்சிழந்து அங்கேயே செவிலியரின் பராமரிப்பில் கிடந்தார். அவரை உயிரோடு வைத்திருக்கும் பராமரிப்பை நிறுத்தலாமா என்ற வழக்கை உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்மானித்தபோது, அவருக்காகப் பிறரே வாதாட நேர்ந்தது. பின்னர் 2018 மார்ச் 9-இல், கண்ணியத்துடன் மரிப்பதும் அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் உரிமையே என்று ஐந்து நீதிபதிகளின் அமர்வு தீர்ப்பளித்து, இறுதிக்காலச் சிகிச்சை பற்றிய விருப்பத்தை முன்னரே எழுதிவைக்கும் பத்திரத்துக்கு அங்கீகாரம் அளித்தது. மாஜிஸ்திரேட்டின் மேலொப்பம் வேண்டுமென்ற நிபந்தனையால் முடங்கிய அவ்வுரிமை, 2023 ஜனவரியில் இலகுவாக்கப்பட்டது. இரு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட்டு, நோட்டரியிடமோ கெஜட் அந்தஸ்து பெற்ற அதிகாரியிடமோ சான்று பெற்றால் இப்போது போதும். நமக்காகப் பேச வேண்டியவர் பெயரையும் அதில் குறிக்க வேண்டும். மனம் மாறினால் எப்போதும் ரத்துச் செய்யலாம். பத்திரம் இருப்பினும், இரண்டு மருத்துவக் குழுக்கள் ஆராய்ந்து சம்மதித்த பிறகே சிகிச்சை விலக்கப்படும் என்பதால், இது அவசரக்காரர் கையில் சிக்கிவிடும் என்ற அச்சம் மிகையானது.

பெண்மக்களே, தந்தையின் விருப்பத்தையாவது என்றேனும் ஒருவர் விசாரிப்பர். ஊருக்கெல்லாம் நோய் பார்த்த தாயை ‘உனக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்பார் அரிது. ஊர் திரும்பியதும் முதலில் அவரிடம் கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொற்களிலேயே எழுதுங்கள். பிறகு உங்களுக்கும் ஒரு பத்திரம் எழுதிவையுங்கள்.