முடிச்சை அவிழ்ப்போம்

 

அந்த மேசையில் இருக்கிற இரண்டு போத்தல்களைப் பார்த்தீர்களா? இரண்டிலும் ஒரே மண். ஒரே சோறு, மீன் செதில், வாழைப்பழத் தோல், பத்திரிகைத் தாள். ஒரு போத்தலில் காற்றுப் போக நம் பிள்ளைகள் ஆணியால் ஓட்டை போட்டிருக்கிறார்கள். மற்றதில் அத்தனையையும் சொப்பிங் பேக்கில் கட்டி, முடிச்சுப் போட்டுப் புதைத்திருக்கிறார்கள். ஓட்டைப் போத்தலை மணந்து பாருங்கள், மழைக்கு நனைந்த வயலின் வாசம். தோல் எது, மண் எது என்று தெரியவில்லை. பையை அவிழ்த்தால் சோறு கறுத்து, புளித்து நாறுகிறது. பத்திரிகையின் தலைப்பை இன்னும் வாசிக்கலாம்!

சின்னப் பிள்ளைகளின் செயற்திட்டம்தானே என்று கடந்து போய்விடாதீர்கள். அமெரிக்காவின் அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ராட்ஜே என்ற தொல்லியலாளர் 1973இல் குப்பையை ஆராயத் தொடங்கினார். பிறகு பெரிய குப்பை மேடுகளையே தோண்டினார். பல பத்தாண்டுகளாகப் புதைந்து கிடந்த பத்திரிகைகள் வாசிக்கக்கூடியதாக வெளியே வந்தன. உக்கும் என்று நாம் நம்புகிற பொருளும், ஒட்சிசன் கிடைக்காவிட்டால் லேசில் உக்காது. காற்று இருந்தால் நுண்ணங்கிகள் அதைத் தின்று பசளையாக்கும். இல்லாவிட்டால் வேறு வகை நுண்ணங்கிகள் மெல்ல மெல்ல அரித்து, தீப்பற்றக்கூடிய மெதேன் வாயுவை விடும்.

கடலுக்கும் வயலுக்கும் நடுவில், வீட்டோடு வீடு ஒட்டி வாழ்கிற ஊர் நம் கல்முனை. நாம் கட்டிப் போடுகிற முடிச்சுகள் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டுக்குப் போகின்றன. யானைகளைத் தடுக்க அங்கே இருந்த மின்சார வேலி 2014இல் இடி விழுந்து பழுதானது, பல ஆண்டுகள் திருத்தப்படவில்லை. அந்த மேட்டில் பிளாஸ்டிக் தின்று எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் செத்ததாக 2022 ஜனவரியில் உலகமெல்லாம் செய்தி போனது. வெட்டிப் பார்த்த வயிற்றில் பொலித்தீனும் உணவுப் பொதி உறைகளும். பொலித்தீனுக்கு ஆசைப்பட்டா யானை வருகிறது? உள்ளே நம் வீட்டுச் சோறு மணக்கிறது. அவிழ்த்துத் தின்ன அதற்குத் தெரியாது, பையோடு விழுங்குகிறது. வாயில்லாச் சீவனுக்கு நாம் செய்கிற இந்த அநியாயத்தை மாநகர சபையின் தலையில் மட்டும் போட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

சோற்றையும் மீன் கழிவையும் பையில் கட்டாதீர்கள். வளவு இருக்கிறவர்கள் தென்னை மரத்தடியில் குழி வெட்டி, காய்ந்த சருகோடு மாறி மாறிப் போடுங்கள். நாற்றம் வராது, மரத்துக்கும் பசளை. வளவு இல்லாதவர்கள் மூடி உள்ள வாளியில் தனியாகச் சேர்த்து வையுங்கள். மாநகர சபையாரிடம் ஒரு வேண்டுகோள்: பிரித்துத் தருவதை வண்டியில் ஒன்றாகக் கொட்டிவிடாதீர்கள். அப்படிக் கொட்டினால் மறுநாள் எந்த உம்மாவும் பிரிக்கமாட்டா.

பள்ளிவாசல் நம்பிக்கையாளர்களே, வருகிற றமழானில் கஞ்சி வாங்க எல்லோரும் பாத்திரத்தோடு வரட்டும், பைக்குள் ஊற்றுவதில்லை என்று ஜும்ஆவில் அறிவியுங்கள். கூட்டம் முடிந்ததும் இந்தப் பிள்ளைகள் போத்தல்களோடு உங்களிடம் வருவார்கள். அறிவிக்கப் போகும் திகதியை அவர்களிடமே சொல்லிவிடுங்கள்.