மற்களமும் கல்விக்கூடமும்



மற்போர் தமிழர்க்குப் புதியதன்று. பல்லவ மன்னன் நரசிம்மவர்மனின் விருதுப்பெயர் மாமல்லன். அப்பெயரை ஒரு கடற்கரை ஊர் இன்றும் தாங்கி நிற்கிறது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருது வென்றதைச் சாத்தந்தையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அந்தப் பாடலில் என் மனத்தைக் கவர்ந்தது மன்னனின் தோள்வலி அன்று. மகனோடு மனம் வேறுபட்டிருந்த தந்தை தித்தன் இதனைக் காணவேண்டுமே என்று புலவர் கொண்ட ஏக்கந்தான். வென்ற வீரனைக் காண ஊரே திரளும். வெல்வதற்கு முன்பே அவனைக் கண்டுகொள்பவர் மிகச் சிலரே. அத்தகைய சிலரைப் பற்றி இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன். அவர்கள் வாழ்ந்த இடம் மராட்டிய நாட்டுக் கோல்ஹாப்பூரும் அதன் சுற்றுப்புறமும்.

கோல்ஹாப்பூரை 1894 முதல் 1922 வரை ஆண்டவர் சாஹு மகாராஜா. அவர் தாமே மற்போர் பயின்றவர். 1902இல் ஐரோப்பா சென்றபோது உரோமாபுரியின் பழைய வட்டரங்கைக் கண்டு வியந்தார். அதுபோன்ற ஓர் அரங்கு தம் ஊரிலும் வேண்டும் என்று எண்ணி, 1912இல் காஸ்பாக் மைதானத்தை அமைத்தார். நடுவே செம்மண் களம். சுற்றிலும் மக்கள் அமர்ந்து காண இடம். ஊருக்குள்ளே 'தாலீம்' எனப்படும் பயிற்சிக்கூடங்கள் பல தழைத்தன. களத்து மண்ணைச் சலித்து, எண்ணெயும் மோரும் மஞ்சளும் கலந்து பதப்படுத்துவதே ஒரு கலை. இதே மன்னர்தாம் பல வகுப்புப் பிள்ளைகளும் தங்கிப் படிக்க விடுதிகள் ஏற்படுத்தினார். 1917இல் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாகவும் இலவசமாகவும் ஆக்கினார். மற்களமும் கல்விக்கூடமும் ஒரே கையால் நீரூற்றி வளர்க்கப்பட்ட ஊர் அது.

அவ்விரண்டும் வந்து கூடியது காஷாபா ஜாதவ் என்ற மாணவரிடத்தில். 1926இல் சதாரா மாவட்டத்துக் கோலேஷ்வர் என்னும் சிற்றூரில் பிறந்தவர் அவர். தந்தை தாதாசாகேப் ஜாதவ் ஒரு மல்லர். மகனுக்கு முதல் ஆசிரியரும் அவரே. கராடு நகரத்துத் திலகர் உயர்நிலைப்பள்ளியில் படித்த காலத்தில் பாபுராவ் பலாவடே, பேலாபுரி குருஜி ஆகிய ஆசான்கள் அவரைப் பயிற்றினர். பின்னர் கோல்ஹாப்பூர் ராஜாராம் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே ஆண்டு விளையாட்டுவிழாவில் மற்போரில் கலந்துகொள்ளப் பெயர் கொடுத்தபோது, உருவம் சிறியது என்று சொல்லி விளையாட்டு ஆசிரியர் மறுத்துவிட்டாராம். ஜாதவ் கல்லூரி முதல்வரிடம் சென்று முறையிட்டார். முதல்வர் இசைவு தந்தார். தம்மினும் பெரிய உடல் படைத்தவர்களை அவர் அன்று ஒருவர் பின் ஒருவராக வீழ்த்தினார் என்று கூறுவர். முதல்வரின் அந்த ஒரு சொல் இல்லையேல் பின்னர் நிகழ்ந்தவை நிகழ்ந்திருக்குமா என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

1948இல் லண்டன் ஒலிம்பிக் பந்தயத்துக்குக் கோல்ஹாப்பூர் மகாராஜாவின் பொருளுதவியோடு சென்றார். அங்கே போர் மண்ணில் அன்று, மெத்தை விரிப்பில். மண்ணில் பழகிய கால் விரிப்பில் நிலைகொள்வது எளிதன்று. நம் ஊர்க் களத்தில் எதிரியின் முதுகு மண்ணில் படும்வரை பொருதலாம்; அங்கோ காலவரையறை உண்டு, அதற்குள் முடிவு காணாவிட்டால் நடுவர்கள் தீர்ப்பு வழங்குவர். இத்தனை புதுமைகளுக்கிடையிலும் ஜாதவ் தம் எடைப்பிரிவில் ஆறாம் இடம் பெற்றார். அடுத்த நான்கு ஆண்டுகள் அயராது பயின்றார்.

1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குத் தேர்வு பெற்றார். செல்லப் பணம் இல்லை. ஊரார் தம்மால் இயன்றதைத் திரட்டினர். ராஜாராம் கல்லூரியின் முதல்வராயிருந்த கர்டேகர் தம் வீட்டை அடகு வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். ஓர் ஆசிரியருக்கு வீடு என்பது எத்தனை ஆண்டுச் சிக்கனத்தின் பயன் என்பதை உங்கள் ஆசிரியர்களைக் கேட்டால் சொல்வார்கள். மாணவன் தோற்றுத் திரும்பினால் வீடு போகும். அதை அறிந்தே அவர் கொடுத்தார்.

ஹெல்சிங்கியில் 57 கிலோ எடைப்பிரிவில் கனடா, மெக்சிகோ, ஜெர்மனி நாட்டு வீரர்களை ஜாதவ் வென்றார். ஜப்பானின் ஷோஹாச்சி இஷியிடமும் சோவியத் நாட்டு மம்மத்பேயோவிடமும் தோற்றார். இரு போர்களுக்குமிடையே உரிய ஓய்வு கிடைக்கவில்லை என்றும், அதனைக் கேட்டுப் பெற இந்திய அதிகாரி எவரும் அருகில் இல்லை என்றும் கூறுவர். எனினும் வெண்கலப் பதக்கம் அவருடையதாயிற்று. விடுதலை பெற்ற இந்தியாவுக்குத் தனிவீரர் ஒருவர் ஈட்டிய முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. அதே பந்தயத்தில், அடுத்த எடைப்பிரிவில் நான்காம் இடம் பெற்ற கேசவ் மங்காவேயையும் நாம் மறத்தல் கூடாது. பதக்கம் பெறாதவர் பெயர் விரைவில் மங்கிவிடுகிறது.

நூற்றுக்கு மேற்பட்ட மாட்டுவண்டிகள் அணிவகுத்து வர, ஜாதவை ஊர் வரவேற்றது. அந்த ஆரவாரம் அடங்கியபின் அவர் செய்த செயல்தான் எனக்குப் பதக்கத்தினும் பெரிதாகத் தோன்றுகிறது. கோல்ஹாப்பூரில் மற்போர்ப் பந்தயங்கள் நடத்திப் பொருள் ஈட்டி, தம் முதல்வரின் வீட்டை மீட்டுக் கொடுத்தார்.

பின்னர் அவர் 1955இல் காவல்துறையில் சேர்ந்து பணியாற்றினார். 1984இல் சாலை விபத்தில் காலமானார். தனிவீரருக்கான அடுத்த பதக்கம் 1996இல் லியாண்டர் பயஸ் வழியாகத்தான் இந்தியாவுக்கு வந்தது; மற்போரில் அடுத்த பதக்கத்தைச் சுசீல் குமார் பெற்றது 2008இல். 2010இல் தில்லி மற்போர் அரங்குக்கு ஜாதவின் பெயர் சூட்டப்பட்டது. அது தகும். ஆயினும் களம் அமைத்த மன்னர், பிடி கற்பித்த தந்தை, பள்ளிப்பருவத்து ஆசான்கள், வீட்டை ஈடு வைத்த முதல்வர் ஆகியோர் இல்லாமல் அந்தப் பெயர் எழுந்திராது.

மாணவர்களே, உங்கள் பள்ளியிலும் ஒரு மைதானம் இருக்கும். அந்த மேட்டைச் சமன் செய்தவர் யார்? முதல் அணியை அழைத்துக்கொண்டு வெளியூர் சென்ற ஆசிரியர் யார்? அந்த அணியில் ஆடியவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள்? முதியோரைக் கேளுங்கள், கேட்டதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். அவர்களுள் ஒருவரேனும் இன்று உயிரோடிருந்தால், அடுத்த விளையாட்டுவிழாவுக்கு அழைத்து வந்து முன்வரிசையில் அமர்த்துங்கள்.