தானெரிந்து காத்த கவசம்



1961 ஏப்ரல் 12. சோவியத் வீரர் யூரி ககாரின் வாஸ்தோக் கலத்தில் பூமியைச் சுற்றிவிட்டுத் திரும்பினார். மணிக்குச் சுமார் 27,000 கிலோமீட்டர் வேகம்! எதிர்ப்பட்ட காற்று நசுங்கி, இரும்பும் உருகும் சூடு எழுந்தது. அவர் பிழைத்தது எப்படி?

உருண்டையான கலத்தைச் சுற்றிலும், பிசின் ஊட்டி இறுக்கிய கல்நார்த் துணிக் கவசம். அது அடுக்கடுக்காகக் கருகி உதிர்ந்தது. உதிரும்போதே சூட்டையும் கொண்டுபோயிற்று.

அன்று கருவிப் பகுதி சரியாகக் கழலவில்லை. மின்கம்பிகள் இழுத்துப் பிடித்தன. கலம் தாறுமாறாகச் சுழன்றது. ஆனால் எப்பக்கம் திரும்பினாலும் கவசம் இருந்தது! கம்பிகள் தீய்ந்து அறுந்தன, ககாரின் தப்பினார்.

வார்ப்படத் தொழில் கற்ற ககாரினை உலகம் அறியும். கல்நார்த் தூசு நுரையீரலைத் தின்னும் என்பதை இன்று அறிவோம். அதைக் கையாண்ட தொழிலாளரையும் நாம் மறவோம்!