ஒரு சாண் இடைவெளி

(மாணவர் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை அங்கங்கே அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



தலித் அழகியல் பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். கவிதை எழுதுகிறவன் என்பதால் கவிதையை வைத்துப் பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள். அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். இன்றைக்கு ஒரு விளக்குமாறு, ஒரு செம்பு, சில டம்ளர்கள், இவற்றைப் பற்றித்தான் பேச்சு.

இதெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவன் ஒரு பையன். நம்ம படிப்பு வட்டத்துக்கு வந்துகொண்டிருந்தவன். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். பிளஸ் டூ முடித்து நுழைவுத் தேர்வு எழுதி, வடக்கே ஒரு வடிவமைப்புக் கல்லூரியில் இடம் கிடைத்துப் போனான். இண்டஸ்ட்ரியல் டிசைன். 'அது என்ன படிப்பு தம்பி'ன்னு அவங்க அம்மா என்கிட்டதான் கேட்டாங்க. எனக்கும் தெரியாது. ஃபேக்டரியில செய்யிற சாமானுக்கு உருவம் போடுற படிப்புக்கா என்று சொல்லி வைத்தேன். அவ்வளவு தப்பில்லை என்று பிறகு தெரிந்தது.

அம்மா நகராட்சியில் தெருப் பெருக்குகிறவர். துப்புரவுப் பணியாளர் என்பதை இப்போது தூய்மைப் பணியாளர் என்று மாற்றியிருக்கிறார்கள். விளக்குமாறு மாறவில்லை.

முதல் வருஷம் அங்கே எந்தத் தொழிலையும் நேராகச் சொல்லித் தருவதில்லையாம். ஜெர்மனியில் 1919இல் தொடங்கிய பௌஹவுஸ் பள்ளியிலிருந்து வந்த முறை. கோடு, நிறம், களிமண், கம்பி, மரம் என்று கையையும் கண்ணையும் பழக்குவது. முதல் மாதமே ஒரு வேலை கொடுத்தார்கள். உங்கள் வீட்டில் தினமும் புழங்குகிற ஒரு பொருளைக் கொண்டுவாருங்கள், அளந்து வரையுங்கள், அது ஏன் அப்படி இருக்கிறது என்று பேசுங்கள். ஒரு பெண் பாட்டியின் பித்தளை ஃபில்டர் கொண்டுவந்தாள். ஒருவன் டவரா டம்ளர். இன்னொருவன் அருவாமனை. நம்ம பையன் தசரா விடுமுறைக்கு வந்து, ரயிலில் விளக்குமாறு கொண்டுபோனான். சாக்கில் சுற்றி, மேல் பெர்த்தில் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு போனானாம்.

தெரு விளக்குமாறு தெரியும் உங்களுக்கு. கனமான தென்னை ஈர்க்குக் கட்டு, நடுவில் செருகின மூங்கில் கம்பு. பெருக்கப் பெருக்கக் கட்டு தளரும். அப்போது தலைகீழாக நிறுத்தி, கம்பின் அடியைத் தரையில் நாலு குத்து குத்தினால் கம்பு கட்டுக்குள் இறங்கி இறுகும். இது எல்லாரும் செய்வது. அவன் அம்மா அதற்கு மேலும் செய்திருந்தார். நகராட்சி கொடுக்கிற கம்பு எல்லாருக்கும் ஒரே நீளம்; அம்மா குட்டை. கம்பு தோளில் இடிக்கிறது என்று நாலு விரல்கடை அறுத்துவிட்டார். பழைய சைக்கிள் டியூபை நாடா நாடாகக் கிழித்துக் கட்டின் கழுத்தில் இறுக்கிச் சுற்றியிருந்தார். கை பிடிக்கிற இரண்டு இடத்திலும் அதே டியூப், கொப்புளம் வராமல் இருக்க. மேல் கைக்கு மூன்று சுற்று, கீழ்க் கைக்கு ஐந்து சுற்று. ஏன் கீழே அதிகம்? தள்ளுகிற பாரம் கீழ்க் கையில்தான் விழுகிறது. இதைத்தான் அந்தக் கல்லூரியில் உடலளவு, பிடிமானம் என்று இரண்டு வாரம் பாடமாக எடுக்கிறார்கள்.

வகுப்பில் வைத்தான். ஆசிரியர் நல்ல மனுஷன்தான். கையில் எடுத்துப் பார்த்தார், டியூப் சுற்றைத் தடவிப் பார்த்தார், ரொம்ப நல்ல வேலை என்றார். இதைச் செய்தது யார் என்று கேட்டார்.

'சந்தையில வாங்கினது சார்' என்று சொல்லிவிட்டான்.

அன்று ராத்திரி எனக்குப் போன். அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். 'ஏன்டா அப்படிச் சொன்ன?' 'தெரியல அண்ணே. முதல் வாரமே மெஸ்ஸுல ஒருத்தன் சர்நேம் என்னன்னு கேட்டான், இன்னொருத்தன் ரேங்க் கேட்டான். அம்மான்னு சொன்னா அடுத்து என்ன கேப்பாங்கன்னு வாய் அதுவா சொல்லிருச்சு. படிப்ப விட்டுட்டு வந்துரலாம்னு இருக்கேன். அம்மாகிட்ட சொல்லிராதீங்க.' நான் சொல்லவில்லை. மறுநாள் காலையில் தெருமுனையில் அம்மா என்னை நிறுத்திக் கேட்டார்: 'நம்ம வெளக்கமாறு பாஸாயிருச்சா தம்பி?' பாஸ்க்கா என்றேன்.

அவன் வந்துவிடவில்லை. நூலகத்தில் போய் உட்கார்ந்தான். அங்கேதான் அந்த அறிக்கை கையில் பட்டிருக்கிறது. சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்று அமெரிக்கத் தம்பதி, பெரிய வடிவமைப்பாளர்கள். இந்திய அரசு அழைத்து, ஃபோர்டு ஃபவுண்டேஷன் உதவியுடன் நாடு முழுக்கச் சுற்றிப் பார்த்து 1958இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதன் தொடர்ச்சியாகத்தான் 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவாகிறது. இந்த நாட்டில் டிசைன் படிக்கிற பிள்ளைகள் பலருக்கும் அதுதான் முதல் பாடம். செல்போனில் எனக்கு அனுப்பினான். வங்கியில் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன்.

இந்தியாவில் பார்த்த பொருள்களிலேயே மிகச் சிறந்தது என்று அவர்கள் லோட்டாவைச் சொல்கிறார்கள். நம்ம செம்பு. இதை ஒருத்தர் உட்கார்ந்து வடிவமைத்திருந்தால் எதையெல்லாம் யோசித்திருக்க வேண்டும் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு போகிறார்கள். எவ்வளவு தண்ணீர் கொள்ள வேண்டும். தூக்குகிற கை ஆணுடையதா பெண்ணுடையதா, என்ன பலம். தலையிலா இடுப்பிலா. காலியாக இருக்கும்போது பாரம் எங்கே நிற்கும், நிறைந்தால் எங்கே. ஊற்றும்போது தண்ணீர் எப்படி விழும். உள்ளே கழுவ வருமா. கல்லில் வைத்தால் என்ன சத்தம். வெயில் பட்டால் எப்படி மின்னும். ஒருத்தருக்குக் கொடுக்கும்போது மனசுக்கு எப்படி இருக்கும். இதுவரைக்கும் கேட்கிறார்கள். உண்மையில் அருமையான பக்கம் தோழர்களே, நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஒரு கவிஞனாகப் பொறாமைப்பட்டுப் படித்தேன்.

யார் தொடலாம் என்ற கேள்வி மட்டும் அந்த வரிசையில் இல்லை.

வெள்ளைக்காரர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சுற்றிக் காட்டினவர்களுக்கு அது கேள்வியாகவே தோன்றியிருக்காது. ஆனால் செம்பின் உருவமே அந்தக் கேள்வியோடுதான் இருக்கிறது. பித்தளையும் செம்பும் தீட்டுப் பட்டால் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துச் 'சுத்தம்' ஆக்கிக்கொள்ளலாம். மண்பானை அப்படி ஆகாது, உடைத்துப் போட வேண்டும். உலோகமா மண்ணா என்பதை விலை மட்டும் தீர்மானிக்கவில்லை, தீட்டும் கூட உட்கார்ந்து தீர்மானித்தது. டவரா டம்ளர் கொண்டுவந்த பையன், விளிம்பு வெளியே மடிந்திருப்பது சூட்டில் பிடிக்க என்று பேசினான். சரிதான். உதடு படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவும் அந்த விளிம்புதான் வசதி. எச்சில் என்ற கருத்தை எடுத்துவிட்டால் அந்த விளிம்பைப் பாதிதான் விளக்க முடியும்.

அம்பேத்கர் தன் பள்ளிக்கூட நாட்களைப் பற்றி எழுதும்போது ஒரு கோணித் துண்டைப் பற்றிச் சொல்கிறார். அவர் உட்காரத் தனிக் கோணி. பள்ளியைக் கூட்டுகிற வேலைக்காரர் அதைத் தொட மாட்டார். அதனால் சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துப் போய் மறுநாள் திரும்பக் கொண்டுவர வேண்டும். குழாயைத் திறந்து தண்ணீர் குடிக்க முடியாது, பியூன் வந்து திறக்க வேண்டும். கோணி, குழாயின் திருகு, பியூனின் கை. மகத்தில் 1927 மார்ச் 20 அன்று குளத்து நீரை அள்ளிக் குடித்தபோது நடுவில் எந்தப் பாத்திரமும் இல்லாமல் கையாலேயே அள்ளினார்கள் என்பதை இந்தப் பையன் சொன்ன பிறகுதான் நான் யோசித்தேன்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். வடிவமைப்புக்காரர்கள் சேரிப் பக்கம் வந்ததே இல்லை என்று சொல்ல முடியாது. 1975இல் ராஜஸ்தானில் ஜவாஜா என்ற பகுதியில், ரவி மத்தாய் முன்னின்று, ரைகர் சாதித் தோல் தொழிலாளர்களோடும் நெசவாளர்களோடும் அகமதாபாத் நிறுவனம் வேலை செய்தது. அவர்கள் கைவேலையை வைத்தே அவர்கள் பிழைக்க வழி தேடிய முயற்சி. ஆனால் மலக்கூடைக்கும் சாக்கடைக் குழிக்கும் இந்தக் கலை எவ்வளவு நேரம் ஒதுக்கியது? மலம் அள்ள வைப்பதைத் தடுக்கும் சட்டம் 1993இல் வருகிறது. அது போதாமல் 2013இல் இன்னொன்று. மனிதன் இறங்காமல் சாக்கடைக் குழியைச் சுத்தம் செய்ய, கேரளத்தில் பொறியியல் படித்த இளைஞர்கள் செய்த ஓர் எந்திரத்தைத் திருவனந்தபுரத்தில் 2018இல் இறக்கினார்கள். 1961க்கும் 2018க்கும் நடுவில் 57 வருஷம். எந்திரம் வந்தும் குழியில் சாவது நிற்கவில்லை. எந்திரத்தைவிட ஆள் மலிவு.

பொருளைப் பார்க்க அவன் எனக்குக் கற்றுக்கொடுத்ததில் ஒன்று என் கவுண்டரிலேயே இருந்தது. 'உங்க பேங்குல பேனாவ கயிறு போட்டுக் கட்டியிருக்கீங்களே அண்ணே, கயிறு எவ்வளவு நீளம்?' அளந்தேன். நின்றுகொண்டு எழுதுகிற ஆம்பளைக்குச் சரியாக இருக்கிறது. முதியோர் பென்ஷன் வாங்க வருகிற பாட்டிக்குக் கவுண்டர் மேடையே கண் மட்டத்துக்கு மேல். பன்னிரண்டு வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

அடுத்த விடுமுறையில் ஒரு யோசனையோடு வந்தான். வருஷக் கடைசித் தேர்வுக்கு இரட்டைக் குவளையை எடுத்துக்கொள்ளப் போகிறேன், உங்க ஊருக்குக் கூட்டிப் போங்க என்றான். திண்டுக்கல் பக்கம் என் ஊர். எங்கள் சின்ன வயதில் டீக்கடைக் கூரை எறவாணத்தில் எங்களுக்கு அலுமினிய டம்ளர், ஆணியில் மாட்டியிருக்கும். ஊர்க்காரர்களுக்கு உள்ளே கண்ணாடி கிளாஸ். நாமே எடுத்து, நீட்டி, குடித்து, கழுவி, மாட்ட வேண்டும். பிறகு அடிதடி, வழக்கு, பேச்சுவார்த்தை. ஆணி போனது, பிளாஸ்டிக் கப் வந்தது. எல்லாருக்கும் பிளாஸ்டிக் என்றார்கள். பார்த்தால் ஊர்க்காரர்களுக்குக் கண்ணாடி அப்படியே இருந்தது. தூக்கி எறிகிற கப்பை யாரும் கழுவ வேண்டாம், யார் எச்சிலும் யாருக்கும் வேண்டாம். தீண்டாமைக்கு இதைவிடச் சுலபமான பாத்திரத்தை எந்தக் கல்லூரியிலும் வடிவமைத்திருக்க முடியாது. 2019 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அந்தக் கப்புகளைத் தடை செய்தது, சுற்றுச்சூழலுக்காக.

எங்கள் பெரியப்பாக்கள் இரண்டு பேரை நிற்க வைத்து, ஒருவர் டீக்காரராக, ஒருவர் அந்தக் காலத்து ஆளாக நடித்துக் காட்டச் சொன்னான். பெருசுகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்புறம் சிரிப்பு நின்றது. ஊற்றுகிற பாத்திரத்தின் மூக்குக்கும் நீட்டின டம்ளரின் வாய்க்கும் நடுவில் எவ்வளவு என்று டேப் வைத்துப் பார்த்தான். ஒரு சாண், 22 சென்டிமீட்டர். மூன்று தடவை செய்ய வைத்தான். அந்தக் கைகள் மறக்கவில்லை, ஒவ்வொரு தடவையும் அதே ஒரு சாணில் போய் நின்றன.

அதோடு கிளம்பியிருக்கலாம். எங்கள் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டான்: 'உங்க வீட்டுல எங்க ஆளுக்கு எது அண்ணே?'

அவன் அருந்ததியர். நான் பறையர். படிப்பு வட்டத்தில் மூன்று வருஷம் ஒன்றாகச் சாப்பிட்டிருக்கிறோம். தலித் என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாரும் உட்கார்ந்துவிட்டோம் என்று நான் கவிதையெல்லாம் எழுதியிருக்கிறேன். 'அப்படியெல்லாம் இல்லடா' என்று வாயெடுத்தேன். அத்தை முந்திக்கொண்டார். அவர் யார் என்று அத்தைக்குத் தெரியாது. 'ஏன் இல்ல, கொல்லைப் பக்கம் மாடக்குழியில சிரட்டை இருந்துச்சே, அம்மா இருந்தவரைக்கும்' என்றார். யாருக்கு என்பதையும் சொன்னார். அந்தச் சொல்லை அவர் சொன்ன ஒலியிலேயே இங்கே திருப்பிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பையன் டம்ளரைக் கீழே வைத்தான். எழுந்து, 'எங்க அத்தே, காட்டுங்க' என்று டேப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனான். சிரட்டை இல்லை. குழி இருக்கிறது. சுண்ணாம்பு அடிக்கும்போது அதையும் சேர்த்தே அடித்திருக்கிறோம். தரையிலிருந்து இரண்டடிகூட இல்லை. டீக்கடை ஆணி எங்கள் தலை உயரத்தில் இருந்தது. இதை எடுக்கக் குனிய வேண்டும். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டேப்பின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னான். பிடித்தேன்.

தேர்வில் முதலில் விளக்குமாறையே வைத்தானாம். வடிவமைத்தவர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர். போன தடவை பொய் சொன்னேன் என்று ஆசிரியர் முன்னாலேயே சொன்னான். பிறகு மூன்று தாள்: ஆணியில் மாட்டின அலுமினிய டம்ளர், பிளாஸ்டிக் கப், சிரட்டை. எவ்வளவு மார்க் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அம்மாவிடம் மட்டும் இந்தத் தடவை உண்மையாகவே பாஸ் என்று சொன்னேன்.

தாள்களை அனுப்பும் முன் எனக்குப் போன் செய்திருந்தான். மூன்றாவது தாளில் இடம் என்ற கட்டத்தில் என்ன எழுத, ஒரு தலித் வீடு என்று போட்டுவிடவா என்று கேட்டான். இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். என் பெயரையே போடச் சொன்னேன்.

நகல்கள் பின் சுவரில் ஒட்டியிருக்கின்றன. டீ வந்துவிட்டது என்கிறார்கள். போகிற வழியில் பாருங்கள்.