மலையிலிருந்து இறங்கிய தண்ணீர்

(ஆதரவாளர் கூடுகையில் நமது மருத்துவமனைக் குருவானவர் பேசியதன் எழுத்து வடிவம்)



உங்களில் அநேகர் நமது மருத்துவமனையைத் தாங்குவதோடு, ஆப்பிரிக்க கிராமங்களுக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் ஊழியங்களுக்கும் காணிக்கை அனுப்புகிறீர்கள். "நாங்கள் அனுப்புகிற பணம் அங்கே என்ன செய்கிறது, ஐயரவாளே?" என்று ஒரு தாயார் கேட்டார்கள். நியாயமான கேள்வி. மலாவி தேசத்தில் நடந்ததைச் சொன்னால் அதிலேயே பதில் இருக்கிறது.

மலாவியின் தெற்கே முலாஞ்சே என்று ஒரு பெரிய மலை. சமவெளியிலிருந்து மதில் எழும்பினதுபோல் நிற்கிறது. அதன் உச்சி 3,002 மீட்டர். மேகம் அதில் மோதி மழையாகிறது. கோடையிலும் வற்றாத ஓடைகள் அங்கே உண்டு. ஆனால் அடிவாரத்துக் கிராமத்துப் பெண்கள், மலையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, கலங்கின குட்டையைத் தேடி நடந்தார்கள். இருபது லிட்டர் வாளி என்றால் இருபது கிலோ. அதைத் தலையில் வைத்து, முதுகில் பிள்ளையையும் கட்டிக்கொண்டு நடப்பது ஆப்பிரிக்கத் தாய்மாரின் அன்றாட வேலை.

1964-ல் சுதந்திரம் பெற்ற அந்தச் சிறிய தேசத்தில், 1968-ல் சிங்காலே என்ற இடத்தில் ஒரு சோதனை முயற்சி தொடங்கிற்று. அடுத்தபடியாக முலாஞ்சே அடிவாரத்திலுள்ள சாம்பே பகுதியில் பெரிய அளவில் செய்தார்கள். லிண்ட்சே ராபர்ட்சன் என்ற பொறியாளர் இதற்கு முன்னின்றார். மோட்டார் இல்லை, டீசல் இல்லை, மின்சாரம் இல்லை. மலையின்மேல், மனுஷர் குடியிராத இடத்தில் ஓடைக்குக் குறுக்கே சிறிய தடுப்பு. அங்கிருந்து வண்டல் படிகிற தொட்டிக்கு. பின்பு குழாய் வழியாகக் கீழே. தண்ணீர் தன் பாரத்தினாலேயே இறங்குகிறது. சரிவு அதிகமானால் அழுத்தம் குழாயை உடைத்துவிடும். ஆகவே இடையிடையே தொட்டி கட்டி வேகத்தைத் தணித்தார்கள்.

குழாயும் சிமெண்டும் அரசாங்கமும் வெளிநாட்டு உதவியும் கொடுத்தவை. பள்ளம் தோண்டினது ஜனங்கள். முதலில் தலைவர்களோடு கூட்டம், பின்பு கமிட்டிகள், அதன்பின் ஒவ்வொரு கிராமத்துக்கும் இவ்வளவு தூரம் என்று பங்கு. கூலி கிடையாது. ஆணும் பெண்ணும் மண்வெட்டி பிடித்தார்கள். தங்கள் ஊருக்குத் தண்ணீர் வருவதற்கு வெகு முன்னரே, அடுத்த ஊரின் நிலத்திலும் பள்ளம் வெட்டினார்கள். ஒப்பந்தக்காரர் வந்து தோண்டிப் போவதையே பார்த்துப் பழகின நமக்கு இது ஆச்சரியமாகத்தான் இருக்கும். 1980-களின் முடிவுக்குள் இப்படிப்பட்ட திட்டங்களால் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் குழாய்த் தண்ணீர் பெற்றார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 27 லிட்டர் என்பது ஆரம்பக் கணக்கு. பட்டணத்து வீட்டில் ஒரு குளியலுக்கே அது போதாது. ஆனாலும் அது அந்தத் தாய்மாருக்குப் பெரிய விடுதலை.

மருத்துவமனைக்காரர்களாகிய நாம் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சுத்தமான தண்ணீர் என்றால் கிருமியில்லாத தண்ணீர் என்று மட்டுமே எண்ணுகிறோம். அளவும் அதே முக்கியம். தண்ணீரைச் சுமந்து வருகிறவள் முதலில் குடிக்கவும் சமைக்கவும் வைப்பாள். கைகழுவுதலும் பிள்ளையின் முகம் கழுவுதலும் பின்னுக்குப் போகும். சொறி சிரங்கும், கண்ணைக் குருடாக்கும் டிரக்கோமாவும் அங்கேதான் பிடிக்கின்றன. வயிற்றுப்போக்கோடு வரும் குழந்தைக்கு உப்புச்சர்க்கரைக் கரைசல் கொடுத்து நாம் பிழைக்க வைக்கலாம். வீட்டில் கைகழுவத் தண்ணீர் இல்லையானால் அதே பிள்ளை அடுத்த மாதம் அதே கட்டிலுக்குத் திரும்பி வருகிறது.

இதுவரை சொன்னது சந்தோஷமான பகுதி. ஈசாக்கு தன் தகப்பன் காலத்துத் துரவுகளைத் திரும்பவும் தோண்டவேண்டியிருந்ததை ஆதியாகமம் 26-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பெலிஸ்தர் அவற்றைத் தூர்த்துப்போட்டிருந்தார்கள். மலாவியில் தூர்க்க ஒரு பெலிஸ்தனும் வரவில்லை. வாஷர் தேய்ந்தது, மாற்ற ஆளில்லை. தண்ணீர் இலவசம் என்று தொடங்கினதால் சேமிப்புப் பெட்டியில் பணமில்லை. ஜனத்தொகை பெருகிற்று, குழாய் பெருகவில்லை. மேட்டிலுள்ளவர்கள் திருட்டு இணைப்பு எடுத்தார்கள், கடைக்கோடி ஊருக்குக் காற்றுதான் வந்தது. மலையில் காடு வெட்டப்பட்டது. புகழ்பெற்ற முலாஞ்சே தேவதாரு மரங்களும் தப்பவில்லை. காடு போனால் மழைக்காலத்தில் ஓடை சேறாகிறது, கோடையில் மெலிகிறது.

மலாவி மட்டும் இப்படி என்று எண்ணவேண்டாம். கென்யா, உகாண்டா, தான்சானியா தேசங்களில் 1960-களில் ஆய்வு செய்து, 1972-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். முப்பது வருஷம் கழித்து அதே இடங்களுக்குத் திரும்பிப் போனபோது, குழாய் இருந்த வீடுகளில் ஆளொன்றுக்கான தண்ணீர் உபயோகம் பாதியளவுக்குக் குறைந்திருந்தது. அவை பெரும்பாலும் பட்டணத்து வீடுகள்! குழாய் இருந்தது, தண்ணீர்தான் வரவில்லை.

2022 மார்ச்சில் மலாவியில் காலரா தொடங்கிற்று. அந்தத் தேசம் கண்டவற்றுள் மிகக் கொடியது அதுவே: 58,000-க்கும் அதிகமானோர் நோயுற்றார்கள், 1,700-க்கும் அதிகமானோர் மரித்தார்கள். அது அடங்குமுன்னே, 2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் வந்து முலாஞ்சே பக்கத்தில் மண்சரிவுகளைக் கொண்டுவந்தது. காலரா பிழைக்க முடியாத நோய் என்று யாரும் சொல்லவேண்டாம். உரிய நேரத்தில் உப்புநீர் ஏற்றினால் பிழைக்கிறார்கள். ஆனால் அது பரவும் வழி கெட்ட தண்ணீர்தான்.

இப்போது அங்கே தண்ணீர் உபயோகிப்போர் சங்கங்கள் பழைய திட்டங்கள் சிலவற்றை ஏற்று நடத்துகின்றன. வீட்டுக்கு ஒரு சிறு தொகை வசூலித்து, பழுதுபார்க்கிறவர்களை வைக்கிறார்கள். ஏழைகளிடம் தண்ணீருக்குப் பணமா என்று உங்களில் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. இலவசமாய் வந்து மூன்றாம் வருஷம் நின்றுபோகிற குழாயைவிட, சிறு காசுக்கு நாள்தோறும் வரும் குழாய் ஏழைக்கு மலிவு என்பது எங்கள் எண்ணம். கொஞ்சமும் கொடுக்க இயலாத விதவைக்கு அந்தச் சங்கமே வழி செய்யட்டும். அவளை அறிந்தவர்கள் அவர்கள்தானே.

ஆகவே, தாயாரே, அடுத்தமுறை அப்படியொரு விண்ணப்பம் தபாலில் வந்தால் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். வாஷருக்கு இவ்வளவு, பைப்பின் மாற்றுத் துண்டுகளுக்கு இவ்வளவு, குழாய் பார்க்கிறவரின் சைக்கிளுக்கு இவ்வளவு, மலையில் மரக்கன்று நட இவ்வளவு என்று எழுதியிருந்தால் தயங்காமல் கொடுங்கள். திறப்புவிழாப் படம் ஒன்றும் அதில் இராது.